நான்காவது டெட் பாலில் அடித்த பஸ்ஸர்

கூடைப்பந்து ஆட்டத்தில் கடிகாரமும் ஸ்கோரும் பார்க்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். ஆறு பேர் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஏழாவதாக யாராவது சேர்ந்திருந்தால் அவரும் படிக்கட்டும்.

என்னை இரண்டு பருவம் மேசையில் உட்கார விடவில்லை என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்கான காரணம் மூன்று விதமாகச் சொல்லப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். கண் மங்கிவிட்டது என்பது ஒன்று. தொலைக்காட்சிக்காரரோடு சண்டை என்பது இன்னொன்று. போட்டிக் குழுவின் விஷயத்தை வெளியே கொண்டுபோய்ச் சொன்னேன் என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் உண்மைக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது.

கடிகாரத்தை எப்படி ஓட்டுவது, எப்படி நிறுத்துவது என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதை நீங்கள் இரண்டு மாலையில் கற்றுக்கொள்வீர்கள். ரங்கூன் தின்கன்ஜூனில் ஒரு பள்ளியில் கணக்கு ஸயாவாக, அதாவது வாத்தியாராக, இருந்த எனக்கே ஒரு வாரம்தான் பிடித்தது. இரண்டு ஸ்டாப் வாட்ச், மூன்று பென்சில், ஒரு கைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி நான்கு. இவை இல்லாமல் நான் மைதானத்துக்குப் போனதில்லை. என் மனைவி அந்தப் பையை மருத்துவச்சிப் பை என்பாள். மின்சாரம் போனால் என்ன செய்வது, ஜெனரேட்டர் நின்றால் என்ன செய்வது, நடுவரின் விசில் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று இருபத்திரண்டு ஆண்டுகள் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்று தெரியவந்ததைத்தான் எழுதுகிறேன்.

கல்லூரிகள் நெடுநாள் மூடிக்கிடந்து திறந்த பிறகு, கல்லூரி அணிகளின் போட்டி மறுபடி நடக்கத் தொடங்கியது. அப்போதுதான் முதல்முறையாகத் தொலைக்காட்சி வந்தது. கூடவே ஒரு காபிப் பொட்டலக் கம்பெனி விளம்பரதாரராக வந்தது. அவர்களோடு வந்ததுதான் மீடியா டைம் அவுட் என்ற விதி. போட்டிக் குழு அதை ஒரே தாளில், பர்மிய மொழியில், ஐந்து வரியாக எழுதித் தந்தது. ஒவ்வொரு பத்து நிமிடக் கால்பகுதியிலும், கடிகாரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே வந்தபின் விழும் முதல் டெட் பாலில், அதாவது விசில் ஊதிக் கடிகாரம் நிற்கும் முதல் தருணத்தில், மேசை பஸ்ஸர் அடிக்க வேண்டும். தொண்ணூறு விநாடி இடைவேளை. அது எந்த அணியின் கணக்கிலும் சேராது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் ஓர் அணி தானாகவே டைம் அவுட் கேட்டுவிட்டால், அதுவே மீடியா டைம் அவுட்டாகவும் ஆகிவிடும். அவ்வளவுதான் விதி.

முதல் நாள் நான் அந்தப் பஸ்ஸரை அடித்தபோது இரண்டு அணிகளும் ஆடிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. மேல்படியில் இருந்த ஒருவர், "மறுபடி கரண்ட் போச்சா?" என்று கேட்டார். "போகலப்பா, காபி வந்திருக்கு" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நான்கு பெண்கள் கம்பெனிப் பலகையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். ஒலிபெருக்கியில் கம்பெனிப் பாட்டு ஓடியது. அந்தப் பாட்டு சரியாக நாற்பத்து நான்கு விநாடி. இரண்டு முறை போடுவார்கள்.

ஆட்டம் நேரடியாக ஒளிபரப்பாவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்து, பார்க்க வேண்டியவர்கள் பார்த்து, மூன்று நான்கு நாள் கழித்துத்தான் திரையில் வரும். அப்படியானால் இடைவேளை எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். பலகையோடு பெண்கள் சுற்றுவதும், கூட்டம் கைதட்டுவதும் கேமராவில் பதிய வேண்டும். கம்பெனிக்கு அது வேண்டும். நான் அன்றைக்கு அதைக்கூடக் கேட்கவில்லை.

பயிற்சியாளர்கள் இந்த விதியை எங்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே இலவசமாக ஓர் ஓய்வு வரும் என்று தெரிந்ததால், தங்கள் கணக்கில் இருக்கும் டைம் அவுட்டுகளை முன்பே செலவழித்தார்கள். தங்கள் ஆட்டக்காரர்களின் மூச்சை அந்த ஓய்வை வைத்தே அளந்தார்கள். இதை மறக்காதீர்கள். விதித்தாளில் இருக்கும் ஒரு வரியை நம்பி யாரோ ஒருவர் களத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது எங்கள் பழக்கத்துக்கு வருகிறேன்.

மேசைக்குப் பக்கத்தில் கோ ஸோ என்று ஓர் இளைஞர் உட்கார்ந்திருப்பார். தொலைக்காட்சியின் ஆள். தலையில் ஹெட்போன், வெளியே நிற்கும் பதிவு வண்டியோடு அதில்தான் பேச்சு. நல்ல பிள்ளை. எங்கள் மூன்று பேருக்கும் தன் காசில் தேநீர் வாங்கித் தருவார். முதல் பருவத்தில் ஒரு நாள் நான் விதிப்படி பஸ்ஸர் அடித்தேன். வண்டியில் யாரோ தயாராக இல்லை. பாட்டும் பலகையும் பதியவில்லை. ஆட்டம் முடிந்ததும் வண்டியிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் எங்கள் முன்னாலேயே கோ ஸோவை வாய்க்கு வந்தபடி பேசினார். கோ ஸோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆட்டத்திலிருந்து பஸ்ஸரில் கை வைக்கும்முன் நான் கோ ஸோவைப் பார்ப்பேன். அவர் கட்டைவிரலைத் தூக்குவார். பிறகு அடிப்பேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் எழுதித் தரவில்லை. நம் ஊரில் இதை ஆனாதே என்போம்: இன்னொருவர் சங்கடப்படுவாரே என்று நமக்கு வரும் கூச்சம். ரங்கூனில் பாதி வேலை அந்தக் கூச்சத்தால்தான் நடக்கிறது. பாதி வேலை அதனால்தான் கெடுகிறது. பெரும்பாலும் கட்டைவிரல் உடனே எழுந்துவிடும். சில நாள் ஒரு டெட் பால் தள்ளிப்போகும். அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பதினேழு ஆட்டங்கள் இப்படிப் போயின.

பதினெட்டாவது ஆட்டம் பெண்கள் அரையிறுதி. பங்குனி வெயில். பகல் இரண்டு மணிக்கு ஆரம்பம். அரங்கில் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பெரிய மின்விசிறிகள். பதிவில் இரைச்சல் விழுகிறது என்று பன்னிரண்டையும் நிறுத்தியிருந்தார்கள்.

நீல அணிக்கு மொத்தமே எட்டு பேர். அவர்களுடைய பயிற்சியாளர் ஊ தீன், ஐம்பது வயதுக்காரர், மைதானத்தில் குரல் உயர்த்தாதவர். நான்காவது கால்பகுதி தொடங்கும்போது அவர் பக்கம் இரண்டு பேர் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே. ஒருத்திக்குக் கணுக்கால் சுளுக்கு. ஆக, ஐந்து பேர்தான். மாற்ற ஆள் இல்லை. எட்டு நிமிடத்தில் ஒன்று, ஆறு நிமிடத்தில் ஒன்று என இரண்டு டைம் அவுட்டையும் எடுத்துவிட்டார். அடுத்த மூச்சு மீடியா டைம் அவுட்டில் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

அந்த ஐந்து பேரில் ஏழாம் எண் நீலா. கல்லூரிப் பட்டியலில் பர்மிய வழக்கப்படி மா நீலா, வீட்டில் வெறும் நீலா. நம் தமிழ்ப் பெண். ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் தையல் வேலை செய்யும் ஒரு தாயின் ஒரே மகள். பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது அவளைப் பெயரளவில்தான் தெரியும். பந்தை மேலே கொண்டுபோவது, திரும்பி ஓடிவந்து தடுப்பது எல்லாம் அவள்தான். முழு ஆட்டத்திலும் அவளை ஒருமுறைகூட மாற்றவில்லை.

4:41. பந்து வெளியே போனது. விசில். முதல் டெட் பால். என் கை பஸ்ஸர் மேல். கோ ஸோவைப் பார்த்தேன்.

"ஸயா, ஒரு நிமிஷம். கேசட் மாத்தறாங்க."

நடுவர் மேசையைப் பார்த்தார். பஸ்ஸர் ஒலிக்கவில்லை. பந்தை உள்ளே கொடுத்துவிட்டார். நீலா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்ததுபோல இருந்தது. இதோ அடிப்பார் என்ற சிரிப்பு.

4:02. இரண்டு பேர் ஒரே பந்தைப் பிடித்து இழுத்தார்கள். விசில். கோ ஸோவின் உள்ளங்கை என் பக்கம் நீண்டது, பொறுங்கள் என்று. ஊ தீன் பெஞ்சிலிருந்து எழுந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தார். அதே உள்ளங்கையை நான் அவருக்குக் காட்டினேன். அவர் உட்கார்ந்தார். நீலா முழங்காலில் கை ஊன்றிக் குனிந்திருந்தாள்.

என் பக்கத்தில் ஸ்கோர் எழுதுபவர் தலை நிமிராமல் சொன்னார்: "ஸயா, ரெண்டு போச்சு."

"தெரியுது," என்றேன்.

"விதி முதல் டெட் பாலுன்னுதான் சொல்லுது."

"தெரியுதுய்யா. நீ உன் பேப்பரைப் பாரு."

மூன்றாவது விசில் ஊதியபோது நீலா எனக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில் இருந்தாள். மணிக்கட்டால் இரண்டு கண்களையும் துடைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி கண்ணைத் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வியர்வை எரிச்சல் என்று நினைத்தேன். என் விரல் பஸ்ஸர் பொத்தானில் இருந்தது. அதை அழுத்த ஒரு நெல்மணி கனம்கூடத் தேவையில்லை. கோ ஸோ ஹெட்போனில், "சீக்கிரம், சீக்கிரம், மேசை காத்துக்கிட்டு இருக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் இவரைத் திட்டுவார் என்று நான் நினைத்தேன். அந்த நேரத்தில் நான் நினைத்தது அதை மட்டும்தான். என் தாளில் 3:20 என்று குறித்துக்கொண்டேன்.

2:51. யாரும் அவளைத் தொடவில்லை. ஓடிவந்தவள் நின்றாள், ஒரு பக்கமாகத் திரும்பினாள், மரம்போலப் பின்னால் சாய்ந்தாள். தலை தரையில் பட்ட சத்தம் மேசைவரை கேட்டது. கை இரண்டும் சில விநாடி உதறின. விசில் ஊதிற்று. கடிகாரத்தை நிறுத்தினேன்.

கோ ஸோ அப்போது களத்தைப் பார்க்கவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தலை குனிந்திருந்தார். அவர் கட்டைவிரல் எழுந்தது.

நான் பஸ்ஸர் அடித்தேன்.

இதைப் பல ஆண்டுகள் எனக்குள்ளேயே வேறு மாதிரி எழுதிப் பார்த்திருக்கிறேன். நடுவரைக் கூப்பிட அடித்தேன், உதவிக்கு ஆள் வர அடித்தேன் என்றெல்லாம். அப்படி இல்லை. கட்டைவிரல் எழுந்தது, கை அழுத்தியது. பதினேழு ஆட்டத்துப் பழக்கம். பஸ்ஸர் ஒலித்ததும் பாட்டு தொடங்கிவிட்டது. பலகை தூக்கும் பெண்கள் நால்வரும் கதவருகில் தயாராக நின்றவர்கள், உள்ளே நடந்து வந்தார்கள். முதலில் வந்தவள் நீலாவுக்கு ஐந்தடி தூரம் வந்தபிறகுதான் நின்றாள். பின்னால் வந்தவள் அவள் முதுகில் மோதினாள். ஊ தீன் மண்டியிட்டு நீலாவின் தலையைப் பிடித்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்துங்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். நாற்பத்து நான்கு விநாடி முடிந்து இரண்டாம் முறை தொடங்கியது. என் கையில் ஸ்டாப் வாட்ச் தொண்ணூறை எண்ணிக்கொண்டிருந்தது. எண்பத்தொன்றில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

மீதி ஆட்டத்தை நான்கு பேரோடு ஆடி முடித்தார்கள். அதையும் நான்தான் ஓட்டினேன். முடிவு என்ன என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆட்டம் முடிந்ததும் போட்டிக் குழுவின் செயலாளர் மேசைக்கு வந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். எனக்கு நிறைய நல்லது செய்தவர்.

"ஸயா, ஷீட்டில் மீடியா டைம் அவுட் எங்கே போட்டிருக்கு?"

"2:51."

"அதுதான் முதல் டெட் பால், இல்லையா?"

நான் பென்சில்களைப் பைக்குள் போட்டேன்.

"பாருங்க, கம்பெனி போயிட்டா அடுத்த வருஷம் போட்டியே இல்ல. பொண்ணுக்கு வெயில் மயக்கம். நாளைக்கு எழுந்து உக்காரும். முதல் டெட் பால்னு ஒரு குறிப்பு போட்டுக் கையெழுத்து வச்சிடுங்க. யாருக்கும் நஷ்டம் இல்ல."

யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் எனக்கும் பட்டது. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நான்தான் முதலில். என் சொந்தத் தாள், நான்கு நேரமும் குறித்தது, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கிழிக்க மனம் வரவில்லை. எண்கள் எழுதிய தாளை நான் கிழித்ததில்லை.

அந்த மேசையில் மூன்று பேர், நடுவர்கள் இருவர், ஊ தீன், கோ ஸோ. உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் ஏழு பேர். ஏழு பேருக்கும் வாய் திறக்காமல் இருக்க ஒவ்வொரு காரணம் இருந்தது. ஊ தீன் மட்டும் அன்று மாலை மருத்துவமனைக்குப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாளாம்.

ஆட்டம் முடிந்து மூன்று நாள் கழித்து, காலை ஏழேகால் மணிக்கு என் வீட்டு வாசலில் ஓர் அம்மாள் நின்றாள். மிங்கலா தாங்ஞுன்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்திருக்கிறாள்.

"மேசையில கடிகாரம் ஓட்டுற ஸயா நீங்கதானே? நான் நீலாவோட அம்மா."

உள்ளே வரச் சொன்னேன்.

"உக்கார நேரமில்லைங்க ஸயா. டாக்டர் ஒன்பது மணிக்கு வார்டுக்கு வருவாரு. ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போறேன்."

"பொண்ணு எப்படி இருக்கு?"

"எழுந்து உக்காருது, சாப்பிடுது. ஆனா தலையில கோளாறுங்கறாரு." குரல் தணிந்தது. "விழறதுக்கு முன்னாலயே அவளுக்குக் கண்ணு தப்பாத் தெரிஞ்சிருக்காம். கடிகாரம் அஞ்சுக்குக் கீழ காட்டிச்சாம், விசில் ஊதிச்சாம், ஆனா மணி அடிக்கலையாம். அப்படி நடக்கவே நடக்காது, என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு அவளே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கா. மூணு தடவை அப்படித் தெரிஞ்சுதாம். கை வேற உதறிச்சாம். டாக்டர் வலிப்புங்கறாரு ஸயா."

அந்தச் சொல்லை அவள் பர்மிய மொழியிலும் ஒரு முறை சொன்னாள், எனக்குப் புரியவில்லையோ என்று.

"குழுவில கேட்டுப் பாருன்னு டாக்டர் சொன்னாரு. கேட்டேன். லெட்டர் குடுத்தாங்க." ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்தாள். போட்டிக் குழுவின் முத்திரை. விதிப்படி முதல் டெட் பாலிலேயே இடைவேளை வழங்கப்பட்டது, மேசை அலுவலர்கள் கையெழுத்திட்ட ஷீட் அதற்குச் சான்று. என் பெயர் முதலில் இருந்தது.

கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். யாருக்கும் நஷ்டமில்லை என்று போட்ட கையெழுத்து ஒரு மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கண் சரியாகத் தெரிந்த ஒரு பெண்ணைக் கண் கெட்டவள் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அதான் ஸயா, எவ்வளவு தப்பாத் தெரிஞ்சுதுன்னு டாக்டருக்குத் தெரியணுமாம். இவ சொன்ன நம்பரை எழுதிக் குடுத்திருக்காரு. நிஜக் கடிகாரம் அப்ப என்ன காட்டிச்சுன்னு நீங்க பக்கத்துல எழுதிக் குடுத்தா, ரெண்டையும் வச்சுப் பாப்பாராம். இன்னிக்கு மாத்திரை ஆரம்பிக்கணும்னு இருக்காரு. மூணு வருஷம் தின்னணுமாம். விளையாட்டு கூடாது, தனியா பஸ்ஸுல போகக் கூடாதுங்கறாரு." நிறுத்தி, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எங்க தெருவில இந்த வியாதின்னு தெரிஞ்சா என்னாகும்னு உங்களுக்குச் சொல்லணுமா?"

அவள் நீட்டிய துண்டுச் சீட்டை வாங்கினேன். மூன்று வரி. 4:41. 4:02. 3:19.

உள்ளே போய் அன்றைய சட்டையிலிருந்து என் தாளை எடுத்து விரித்தேன். 4:41. 4:02. 3:20. 2:51. எழுபது நிமிடம் ஓடிய, கிடைக்க வேண்டிய ஓய்வு கிடைக்காத, விழுவதற்கு அரை நிமிடம் முன்னால் இருந்த ஒரு பெண் இரண்டை அப்படியே சொல்லியிருந்தாள். மூன்றாவதில் ஒரே ஒரு விநாடி வித்தியாசம்.

"அம்மா, நானும் உங்ககூட வர்றேன்," என்றேன்.

"எதுக்கு ஸயா? எழுதிக் குடுத்தாப் போதும்."

"எழுதிக் குடுத்தது போதும். வர்றேன்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பையை எடுத்துக்கவில்லையா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். டாக்ஸியில் போனோம். வழியில் அந்த அம்மாளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எட்டு முறை வாயைத் திறந்தேன். அவள் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பொது வார்டு. இரண்டு வரிசை, வரிசைக்குப் பதினான்கு கட்டில். நீலா ஜன்னல் பக்கம் ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்தாள். பின்மண்டையில் கட்டு. எதிர்ச் சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டியிருந்தது. அதன் தேதி எண்களை ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று புரிந்தபோது நான் வந்த வழியே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் அதற்குள் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். களைத்த முகம்.

"இவர்தான் கடிகாரத்துக்காரரா?" என்று தாயிடம் கேட்டார். "நல்லது. அப்ப கடிகாரம் என்ன காட்டிச்சு, ஸயா?"

"இந்தப் பொண்ணு சொன்னதைத்தான் காட்டிச்சு."

அவருக்குப் புரியவில்லை. குழுவின் கடிதத்தைப் புரட்டினார்.

"இது தப்பு," என்றேன். "அதில முதல் கையெழுத்து என்னது. அது பொய். ஐந்துக்குக் கீழ மூணு டெட் பால் வந்தது. மூணிலும் நான் பஸ்ஸர் அடிக்கல. டிவிக்காரர் பொறுக்கச் சொன்னார், பொறுத்தேன். விழுந்த பிறகுதான் அடிச்சேன். அவள் கண்ணில ஒரு கோளாறும் இல்ல."

என் தாளை அவரிடம் கொடுத்தேன். சீட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதை மூணு நாள் முன்னால சொல்ல உங்களுக்கு முடியலையா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

"முடிஞ்சிருக்கும்," என்றேன்.

அவர் கேஸ் ஷீட்டைத் திருப்பி ஒரு வரியின் குறுக்கே கோடு இழுத்தார். "விழறதுக்கு முன்னால குழப்பம்னு எழுதியிருந்தேன். வலிப்புன்னு நான் சாய்ஞ்சது அந்த ஒரு வரியிலதான். வெயிலில மயங்கி விழறவங்களுக்கும் கை உதறும். இன்னும் ரெண்டு நாள் வச்சுப் பார்க்கிறேன். மாத்திரை வேண்டாம்." தாயின் பக்கம் திரும்பி, "வலிப்புன்னு யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள்.

அந்த அம்மாள் என்னைப் பார்க்கவே இல்லை. மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தமிழில், எனக்குக் கேட்கும்படி சொன்னாள்: "மூணு ராத்திரி உன்னைப் பாத்தே பயந்துட்டேன்டி. தூக்கத்துல நீ கையை அசைச்சாக்கூட எழுந்து உக்காந்தேன். பெத்த பொண்ணைப் பாத்துப் பயப்பட வச்சுட்டாரு இந்த மனுஷன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். நீலா கையை நீட்டினாள். தாளைத்தான் கேட்டாள். டாக்டர் கொடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாம் வரியில் விரல் நின்றது.

"இது இருபது இல்ல ஸயா," என்றாள். அவள் தமிழ் மெதுவாகத்தான் வரும். சொல்லைத் தேடித் தேடிப் பேசுவாள். "பத்தொன்பது."

"ஒரு விநாடி. பரவாயில்லைம்மா, டாக்டருக்கு அது..."

"பத்தொன்பது. நான் கடிகாரத்தைப் பாத்தேன். நீங்க என்னைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

உண்மைதான். அந்த மூன்றாவது விசிலில் கடிகாரத்தை நிறுத்தியபின் நான் நிமிர்ந்து அதைப் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே, அழுத்தாமல் இருந்தேன். உத்தேசமாக ஓர் எண்ணைத் தாளில் எழுதினேன்.

டாக்டரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினேன். அவள் மடியில் இருந்த தாளிலேயே இருபதை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினேன். சரியா என்று கேட்டேன். சரிபார்த்துவிட்டு, கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள்.